பேக்கப் இருக்கிறது, ஆனால் ஏற மாட்டேன் என்கிறது: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை அறிகுறி பார்த்து மீட்கும் வழி

சின்னச் சின்னத் தளங்கள் சிலவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு புத்தகக் கடை, ஒரு நாட்டு மருந்துக் கடை, ஒரு பழைய மாணவர் சங்கம், இந்த மாதிரி. எல்லாமே மைஎஸ்கியூஎல் அல்லது அதிலிருந்து கிளைத்த மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள் மேல் ஓடுபவை. வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது யாராவது கூப்பிட்டு "பேக்கப் இருக்குங்க, ஆனா ஏற மாட்டேங்குது" என்பார்கள். கேட்டுக்கேட்டுப் பழகியதில், கோளாறுகள் பெரும்பாலும் இதே பத்துப் பன்னிரண்டுதான் என்று தெரிந்துவிட்டது. அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு காரியம். முதலில், இப்போது இருக்கிற டேட்டாபேஸை, அது எவ்வளவு உடைந்திருந்தாலும், அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். நான் பார்த்தவரைக்கும் முதல் கோளாறில் போன தரவைவிட, அதைச் சரிசெய்கிறேன் என்று பதற்றத்தில் செய்த இரண்டாவது காரியத்தில் போன தரவுதான் அதிகம். அடுத்தது, பழைய டேட்டாபேஸின் மேலேயே ஏற்றாதீர்கள். காலியாகப் புதிது ஒன்று உருவாக்கி அதில் ஏற்றிப் பாருங்கள், சரியாக வந்தபிறகு தளத்தின் கான்ஃபிக் கோப்பில் பெயரை மாற்றினால் போதும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கட்டளை வரிகளாக எழுதிவைத்த பேக்கப் கோப்பு) எடுத்தவர் 'டேட்டாபேசஸ்' என்ற ஆப்ஷனைக் கொடுத்து எடுத்திருந்தால், கோப்புக்குள்ளேயே 'கிரியேட் டேட்டாபேஸ்', 'யூஸ்' என்ற வரிகள் இருக்கும். நீங்கள் புதுப் பெயரைக் கொடுத்தாலும் அது நேராகப் போய்ப் பழைய டேட்டாபேஸில் உட்காரும், அங்கே இருக்கும் டேபிள்களை அழித்துவிட்டு. கோப்பின் முதல் முப்பது வரியைப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு வரியும் இருந்தால் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

## அறிகுறி: பேக்கப் கோப்பின் அளவே சரியில்லை

புத்தகக் கடைத் தளத்தில் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப் எடுக்க கிரான் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் வசதி) போட்டிருந்தோம். கோப்புகள் தேதி வாரியாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஒருநாள் தேவைப்பட்டுத் திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். ஆறு வாரத்துக் கோப்புகள், எல்லாமே 20 பைட். யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், டம்ப் கமாண்ட் உள்ளே நுழைய முடியாமல் தோற்றிருக்கிறது, ஆனால் அது தருவதைக் குழாய் வழியாக வாங்கிச் சுருக்கும் ஜிஜிப் கமாண்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒன்றுமில்லாததை ஜிஜிப் சுருக்கினால் வரும் அளவுதான் அந்த 20 பைட். இந்த எண்ணைப் பார்த்தாலே இப்போது எனக்கு வயிறு கலங்கும்.

சோதனை எளிது. கோப்பு 20 பைட்டா, அல்லது நேற்றைவிடத் திடீரென்று பாதியாகிவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் முழுதாக முடிந்திருந்தால் கடைசியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு ஒரு குறிப்பு வரி இருக்கும். அது இல்லையென்றால் பாதியில் அறுந்த கோப்பு. இதை நம்பி இருக்கிற தரவை அழிக்கவே அழிக்காதீர்கள்.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். கிரானில் இருக்கும் அதே கமாண்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள், பாஸ்வேர்டு பிரச்சினை என்றால் உடனே தெரியும். கையால் ஓட்டினால் வருகிறது, கிரானில் மட்டும் வரவில்லை என்றால், கோப்புப் பெயரில் தேதி போடுவதற்காகச் சதவீதக் குறி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கிரானின் பட்டியல் கோப்பான கிரான்டேபில் சதவீதக் குறிக்குப் புதுவரி என்று அர்த்தம், கமாண்ட் அந்த இடத்தோடு வெட்டுப்படும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரி, அல்லது கமாண்டைத் தனி ஸ்கிரிப்டாக எழுதி அதைக் கிரானில் கூப்பிடுங்கள். அதுவும் இல்லையென்றால் டிஸ்க் நிரம்பியிருக்கும். பழைய பேக்கப்புகள் எல்லாம் அதே சர்வரில் குவிந்து கிடந்தால் அதுதான்.

ஸ்கிரிப்டின் தலையில் 'பைப்ஃபெயில்' என்பதைப் போடுங்கள். அப்போதுதான் குழாயின் முதல் கமாண்ட் தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கணக்காகும். கோப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மெயில் வருகிற மாதிரி ஒரு வரியும் சேருங்கள். அந்த மெயில் உங்களுக்கு வந்து சேருகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, பேக்கப் இருக்க வேண்டிய அமேசான் எஸ்3 சேமிப்பிடத்தில் ஒன்றுமே இல்லை. அவர்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டம்ப் கருவி சர்வரோடு பொருந்தாத பழைய பதிப்பாக இருந்து தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, அதைச் சொல்லும் மெயில்களும் வழியில் மறுக்கப்பட்டிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) இருந்ததால்தான் மிச்சத்தை மீட்டார்கள்.

எல்லாக் கோப்பும் வெறுமை என்று தெரிந்தால், அந்த நிமிஷமே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போடுங்கள். பல இடங்களில் அவர்கள் தனியாக வாராந்திர நகல் வைத்திருப்பார்கள், ஆனால் சில நாளில் அதன் மேல் புது நகல் எழுதப்பட்டுவிடும்.

## அறிகுறி: பாதி ஏறி நின்றுவிடுகிறது

பிஎச்பிமைஅட்மினில் (பிரவுசரிலேயே டேட்டாபேஸைக் கையாளும் கருவி) ஏற்றுகிறீர்கள் என்றால் முதல் சந்தேகம் அளவு வரம்பு. பிஎச்பியில் தானாக இருக்கும் அப்லோடு வரம்பு 2 எம்பி, போஸ்ட் வரம்பு 8 எம்பி. ஹோஸ்டிங்காரர்கள் கூட்டியிருப்பார்கள், இம்போர்ட் பக்கத்திலேயே எவ்வளவு என்று எழுதியிருக்கும். காசு செலவில்லாத வழி, கோப்பை ஜிஜிப் செய்து ஏற்றுவது. எழுத்துதான் என்பதால் நன்றாகவே சுருங்கும்.

நேரம் போதாமல் நின்றால், அதே கோப்பை மறுபடி கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக அதுவே சொல்லும். இரண்டு மூன்று முறை கொடுத்தும் முடியவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழைந்து கமாண்ட் கொடுக்கும்) வசதி இருந்தால் டெர்மினலில் ஏற்றுங்கள், அங்கே இந்த வரம்பு எதுவும் கிடையாது. எஸ்எஸ்எச் இல்லாத திட்டம் என்றால் கோப்பை உங்கள் ஃபோல்டரில் போட்டுவிட்டு ஹோஸ்டிங் உதவிக் குழுவிடம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

டெர்மினலிலும் 'சர்வர் ஹேஸ் கான் அவே' என்று 2006 எண்ணோடு நின்றாலோ, பாக்கெட் பெரிது என்று 1153 வந்தாலோ, கோப்பில் ஏதோ ஒரு வரி சர்வர் அனுமதிக்கும் அளவைத் தாண்டுகிறது. 'மேக்ஸ் அலவ்ட் பாக்கெட்' என்ற அமைப்பு மைஎஸ்கியூஎல் 5.7 சர்வரில் தானாக 4 எம்பி, 8.0 சர்வரில் 64 எம்பி. புதிய சர்வரில் எடுத்ததைப் பழையதில் ஏற்றும்போது முட்டுவது இங்கேதான். சர்வர் உங்களுடையது என்றால் கூட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பகிர்வு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) என்றால், மூலத்திலேயே 'எக்ஸ்டெண்டட் இன்சர்ட்' என்பதை நிறுத்திவிட்டு டம்ப் எடுங்கள். ஒவ்வொரு பதிவும் தனி வரியாக வரும், மெதுவாக ஏறும், ஆனால் பெரும்பாலும் ஏறிவிடும்.

## அறிகுறி: எர்ரர் எண் ஒன்றைக் காட்டி நிற்கிறது

முதல் வரியிலேயே நிற்கிறது. கோப்பைத் திறந்தால் முதல் வரியில் 'சாண்ட்பாக்ஸ் மோட்' என்று ஒரு குறிப்பு இருக்கிறதா? 2024 நடுவிலிருந்து வரும் மரியாடிபி பதிப்புகள் பாதுகாப்புக்காக அந்த வரியைச் சேர்க்கின்றன, மைஎஸ்கியூஎல்லுக்கும் பழைய மரியாடிபிக்கும் அது புரியாது. அந்த ஒரு வரியை நீக்குங்கள், முடிந்தது. அது இல்லை, விண்டோஸில் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு எடுத்த கோப்பு என்றால், அது யூடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். மைஎஸ்கியூஎல் அதைப் படிக்காது. குறியாக்கத்தை மாற்றிப் பார்ப்பதைவிட 'ரிசல்ட் ஃபைல்' ஆப்ஷனைக் கொடுத்துப் புதிதாக எடுப்பதே நல்லது, ஏனென்றால் பவர்ஷெல் வழியாகப் போகும்போதே தமிழ் எழுத்துகள் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு.

1273, தெரியாத கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி). மைஎஸ்கியூஎல் 8.0-இல் எடுத்துப் பழைய மைஎஸ்கியூஎல்லிலோ மரியாடிபியிலோ ஏற்றுகிறீர்கள். கொலேஷன் பெயரில் 0900 என்று இருக்கும். கோப்பு முழுக்க அந்தப் பெயரைத் தேடி, யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்பதாக மாற்றுங்கள். கோப்பின் நகலில் மாற்றுங்கள், மூலத்தில் அல்ல.

1227, அனுமதி இல்லை. பெரும்பாலும் வியூ (சேமித்துவைத்த தேடல்) அல்லது டிரிகரில் (தானாக ஓடும் கட்டளை) ஒட்டியிருக்கும் 'டிஃபைனர்' என்ற துண்டு, பழைய சர்வரில் இருந்த பயனர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை மட்டும் நீக்கினால் போதும். ஜிடிஐடி (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வர் தரும் அடையாள எண்) பற்றிய வரி காரணம் என்றால், டம்ப் எடுக்கும்போதே 'செட் ஜிடிஐடி பர்ஜ்டு' என்பதை 'ஆஃப்' என்று கொடுங்கள்.

1067, தவறான இயல்பு மதிப்பு. தேதிக் கட்டத்தில் எல்லாமே பூஜ்யமாக ஒரு தேதி. பழைய சர்வர்கள் விட்டுவிடும், 5.7-இலிருந்து கண்டிப்பு. கோப்பின் தலையில் 'எஸ்கியூஎல் மோட்' என்பதைக் காலியாக்கும் ஒரு வரி சேர்த்து ஏற்றுங்கள்.

1071, சாவி (தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ்) நீளம் அதிகம். 255 எழுத்துள்ள ஒரு கட்டத்துக்கு எழுத்துக்கு நாலு பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்8எம்பி4-இல் இன்டெக்ஸ் போட 1020 பைட் வேண்டும், மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் பழைய பதிப்பு 767-க்கு மேல் விடாது. அதனால்தான் பழைய மென்பொருட்களில் 191 என்ற விநோத எண்ணைப் பார்க்கிறோம், 191-ஐ நாலால் பெருக்கினால் 764. இன்டெக்ஸைச் சுருக்கி ஒட்டுப்போடுவதைவிடப் புதிய பதிப்பு சர்வருக்கு மாறுங்கள் என்பேன்.

1062, இரட்டைப் பதிவு. ஏற்கெனவே பாதி ஏறிய டேட்டாபேஸில் மறுபடி ஏற்றுகிறீர்கள். காலி டேட்டாபேஸில் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். எர்ரரை மீறி ஏற்றும் 'ஃபோர்ஸ்' ஆப்ஷனை மட்டும் தொடாதீர்கள், எது ஏறியது எது விடுபட்டது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி: ஏறிவிட்டது, ஆனால் தமிழ் சிதைந்திருக்கிறது

நம் தளங்களில் அதிகம் வருவதும், மனத்தை அதிகம் உடைப்பதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே அவசரப்பட்டால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

திரையில் தெரிவதை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பாருங்கள். சிதைந்த ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டத்தை, பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் 'ஹெக்ஸ்' ஃபங்ஷனுக்குள் போட்டு செலக்ட் செய்யுங்கள். பிஎச்பிமைஅட்மினின் எஸ்கியூஎல் பக்கத்திலேயே செய்யலாம். தமிழ் எழுத்தும், புள்ளி, கால் போன்ற குறியும் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட். 'அ' என்பது ஈ0 ஏஈ 85 (E0 AE 85). தமிழ்ப் பகுதி முழுக்கவே ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்றுதான் தொடங்கும். ஹெக்ஸில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### ஹெக்ஸில் ஈ0 ஏஈ என்று வருகிறது

நிம்மதி. எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது, காட்டும் வழிதான் தப்பு. 'ஷோ கிரியேட் டேபிள்' போட்டு அந்தக் கட்டத்தின் கேரக்டர் செட் (எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் முறை) என்ன என்று பாருங்கள். யூடிஎஃப்8எம்பி4 என்றால், தளத்தின் கான்ஃபிக் கோப்பில் இணைப்புக்கான கேரக்டர் செட்டை அதே மாதிரி வையுங்கள், அவ்வளவுதான். லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று இருந்தால் கவனம் தேவை. இங்கேதான் பலரும் கேரக்டர் செட்டை நேராக மாற்றும் 'கன்வெர்ட் டு' கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாக நினைத்து இரண்டாம் முறை குறியாக்கம் செய்துவிடும். சரியான வழி, கட்டத்தை முதலில் 'பிளாப்' வகைக்கு மாற்றி, அதிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 'டெக்ஸ்ட்' ஆக மாற்றுவது. பிளாபில் எழுத்து என்ற எண்ணமே இல்லை, பைட் மட்டும்தான், அதனால் எதுவும் மாறாது.

### ஹெக்ஸில் சி3 ஏ0 சி2 ஏஈ என்று வருகிறது

இரட்டைக் குறியாக்கம். திரையில் ஆங்கில ஏ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு, அதையொட்டி வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். டேட்டாபேஸை லத்தீன்1 கேரக்டர் செட் என்று சொல்லி, 'ஸ்கிப் செட் கேர்செட்' ஆப்ஷனோடு டம்ப் எடுங்கள். அந்தக் கோப்பை ஒரு நல்ல எடிட்டரில் யூடிஎஃப்-8 ஆகத் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் அதை யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிக் காலி டேட்டாபேஸில் ஏற்றுங்கள்.

நாட்டு மருந்துக் கடைத் தளத்தில் இதைச் செய்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலிகைக் குறிப்புகள் மூன்று பைட் எழுத்துகளாகத் திரும்பி வந்தன. கடைக்காரரின் அப்பா கைப்பட எழுதிவைத்து, மகள் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. 'ஆடாதோடை' என்ற சொல் எடிட்டரில் முழுசாகத் தெரிந்த நொடியில்தான் நான் மூச்சு விட்டேன்.

சில பதிவுகள் நன்றாகவும் சில இரட்டையாகவும் கலந்து கிடந்தால் மொத்தமாக இதைச் செய்யாதீர்கள், நல்லவை கெட்டுப்போகும். அங்கே பதிவு பதிவாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

### ஹெக்ஸில் வெறும் 3எஃப் வரிசை

3எஃப் என்றால் கேள்விக்குறி. திரையில் மட்டுமல்ல, உள்ளேயும் கேள்விக்குறிதான். 'அம்மா' என்ற சொல்லும் 'அப்பா' என்ற சொல்லும் இப்போது ஒரே மாதிரி ஐந்து கேள்விக்குறி. எந்த நிபுணரும் இதைத் திருப்ப முடியாது, திருப்புகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பழைய பேக்கப்பைத் தேடுங்கள். டம்ப் கோப்பிலேயே கேள்விக்குறி இருக்கிறதா, அல்லது ஏற்றும்போதுதான் ஆனதா என்று முதலில் பாருங்கள். கோப்பில் தமிழ் இருந்தால் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

### தமிழ் சரி, ஈமோஜி வந்த இடத்தில் வெட்டுப்படுகிறது

மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும் என்பதால் வருஷக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. ஈமோஜி நாலு பைட். சில அமைப்புகளில் அது கேள்விக்குறியாகும், சிலவற்றில் அதோடு மீதி வாக்கியமே போய்விடும். 5.7-இன் டம்ப் கருவி தானாக அந்தப் பழைய யூடிஎஃப்8-ஐத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் எடுக்கும்போதே யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஏறிவிட்டது, தளம் திறக்கவில்லை

கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்டு. சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தில் பெயருக்கு முன்னால் கணக்கின் பெயரும் ஒட்டிக்கொள்ளும், அதையும் சேர்த்து எழுத வேண்டும். பயனரை உருவாக்கிவிட்டு டேட்டாபேஸோடு இணைக்க மறப்பது இன்னொன்று.

டேபிள் இல்லை என்று 1146 வந்தால், டேபிள் பெயரின் முன்னொட்டு கான்ஃபிக்கில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். விண்டோஸ் கணினியில் எடுத்து லினக்ஸ் சர்வரில் ஏற்றியிருந்தால், விண்டோஸ் பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்கியிருக்கும், லினக்ஸோ பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும். பெயரை மாற்றிவிட்டால் போதும்.

முகவரி மாறியதால் டம்ப் கோப்பில் பழைய முகவரியைத் தேடிப் புதியதை இட்டிருந்தால், வேர்ட்பிரஸ் போன்றவற்றில் அமைப்புகள் காணாமல் போகும். பிஎச்பி சில தரவுகளை அவற்றின் பைட் நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது. முகவரியின் நீளம் மாறினால் கணக்கு பொருந்தாது, மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிடும். வேர்ட்பிரஸுக்கான கமாண்ட் கருவி டபிள்யூபி-சிஎல்ஐயின் 'சர்ச் ரிப்ளேஸ்' இந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும், முகவரி மாற்றத்தை அதனிடமே விடுங்கள்.

## அறிகுறி: டம்ப் கிடையாது, டேட்டா ஃபோல்டர் மட்டும் இருக்கிறது

எக்ஸ்ஏஎம்பிபி (சொந்தக் கணினியையே சர்வராக்கும் மென்பொருள் தொகுப்பு) வைத்துக் கணினியிலேயே தளம் நடத்துபவர்களுக்கு வருவது. டேட்டாபேஸ் பெயருள்ள ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துப் புதுக் கணினியில் போடுவார்கள். டேபிள் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் 1932, 'எஞ்சினில் இல்லை' என்று வரும். இன்னோடிபி டேபிள்களின் விவரம் 'ஐபிடேட்டா1' என்ற பொதுக்கோப்பில் இருக்கிறது, அது கூடவே வரவில்லை. பழைய டிஸ்க் இன்னும் இருந்தால் அந்தக் கோப்பை எடுங்கள். புதுக் கணினியில் அதே பதிப்பு எக்ஸ்ஏஎம்பிபி போட்டு, டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் 'பேக்கப்' ஃபோல்டரின் நகலை டேட்டா என்று பெயரிட்டு, அதற்குள் உங்கள் டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1-ஐயும் போடுங்கள். ஓட ஆரம்பித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை டம்ப் எடுப்பது.

சர்வர் எழும்பவே மாட்டேன் என்றால் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி' என்ற அமைப்பு இருக்கிறது, 1 முதல் 6 வரை. 1-இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறுங்கள், எழுந்ததும் டம்ப். 3 வரைக்கும் நீங்களே முயலலாம். 4-இலிருந்து தரவு நிரந்தரமாகக் கெட வாய்ப்பு உண்டு, அங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் அதற்கும் முன்னாலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: தவறுதலாக அழித்துவிட்டேன்

எந்தப் பதிவு என்று குறிக்கும் 'வேர்' (WHERE) இல்லாமல் டெலீட் கொடுத்தாயிற்று. முதலில் தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுங்கள், புதுப் பதிவு எதுவும் வரக்கூடாது. நேற்றைய டம்ப் இருந்தால் அதைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி, அழிந்த டேபிளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நேற்றிலிருந்து இன்றுவரை வந்தவையும் வேண்டும் என்றால், மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் பைனரி லாக்தான் வழி. மைஎஸ்கியூஎல் 8.0-இல் அது தானாகவே இயங்கும், 30 நாள் வரை வைத்திருக்கும். மரியாடிபியில் நீங்கள் போட்டிருந்தால்தான் உண்டு. மைஎஸ்கியூஎல்பின்லாக் கருவிக்கு டம்ப் எடுத்த நேரத்தையும், டெலீட்டுக்குச் சற்று முந்தைய நேரத்தையும் கொடுத்து, நடுவில் நடந்ததை மட்டும் தனி டேட்டாபேஸில் மறுபடி ஓட்டலாம், ஆனால் லாக்கில் பழைய டேட்டாபேஸின் பெயர்தான் இருக்கும் என்பதால் 'ரீரைட் டிபி' ஆப்ஷனில் புதுப் பெயரைச் சொல்ல வேண்டும்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் இந்த லாக் உங்கள் கைக்கு எட்டாது. டிக்கெட்டில் அழிந்த நேரத்தை நிமிஷக் கணக்கில், எந்த நேர மண்டலம் என்பதோடு எழுதுங்கள், டேபிள் பெயரையும் எழுதுங்கள். "என் டேட்டா போச்சு" என்று மட்டும் எழுதினால் அவர்கள் நேற்றைய நகலை உங்கள் நேரடி டேட்டாபேஸ் மேலேயே ஏற்றிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார்கள், இன்று காலை வந்த ஆர்டர்களும் சேர்ந்து போய்விடும். தனி டேட்டாபேஸில் ஏற்றித் தரும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.